‘பெதூயின் பெண்’ என்பது படக்குறிப்பு ஆகுமா? ஒளிப்படக் காப்பகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், நியூகாஸில் பல்கலைக்கழகம், ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம், செயின்ட் ஆண்டனிஸ் கல்லூரியின் மத்தியக் கிழக்கு மையம் ஆகியவற்றிலும், இவை போன்ற பிற இடங்களிலும் பாலைநில ஒளிப்படத் தொகுப்புகளைப் பேணிவரும் பொறுப்பாளர்கள்.

மதிப்பிற்குரியீர்,

அரபுப் பாலைநிலங்களிலும் வட ஆப்பிரிக்கப் பாலையின் ஓரங்களிலும் வாழ்ந்த பெண்களைக் காட்டும் பழைய ஒளிப்படங்கள் பல உங்கள் பொறுப்பில் உள்ளன. அவற்றில் பெரும்பகுதியை எவரும் எங்கிருந்தும் பார்க்கும்படி திறந்துவைத்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு என் நன்றி. நான் அரபு மொழி அறிந்தவள் அல்லள், அந்நிலத்தின் வரலாற்றை முறையாகக் கற்றவளும் அல்லள். ஒரு நூலகத்தின் பட்டியலாக்கப் பிரிவில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதன் கீழுள்ள வரியைத் தேடுவது என் தொழில் எனக்குத் தந்த பழக்கம். இம்மடல் அந்த வரியைப் பற்றியது. எண்ணம் ஓடும் மொழியிலேயே எழுதினால்தான் பிசகில்லாமல் வரும் என்பதால் தமிழில் எழுதியிருக்கிறேன். மொழிபெயர்ப்பொன்றும் உங்களுக்கு வந்து சேரும்.

ஜெருசலேமின் அமெரிக்கன் காலனி படத்தொகுப்பிலிருந்து தொடங்குகிறேன். சிகாகோவிலிருந்து வந்த ஸ்பாஃபர்ட் தம்பதியர் 1881இல் அமைத்த அந்தக் கிறித்துவக் குழுவின் படப்பிரிவு, 1898இல் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் ஜெருசலேமுக்கு வந்ததை ஒட்டி வளர்ந்தது. பிற்காலத்தில் அதை நடத்திய எரிக் மேட்சனும் அவர் மனைவி எடித்தும் 1946இல் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தனர். 1966 முதல் அவர்களுடைய நெகட்டிவுகள் காங்கிரஸ் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. இன்று அத்தொகுப்பில் 22,000க்கும் மேற்பட்டவை உள்ளன. 1921 ஏப்ரலில் அம்மானில் நடந்த சந்திப்பை அக்குழுவினர் படமெடுத்தனர். டிரான்ஸ்ஜோர்டான் அமீர் அப்துல்லா, பாலஸ்தீனத்தின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹெர்பர்ட் சாமுவேல், ‘அரேபிய லாரன்ஸ்’ எனப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரி டி. இ. லாரன்ஸ், ஹுவைத்தாத் என்னும் பெதூயின் குலத்தின் தலைவர் ஔதா அபூ தாயி ஆகிய ஆண்களை அப்படங்களில் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடிகிறது. அதே தொகுப்பில் தரைத்தறியின் முன் குந்தியிருப்பவள், தோற்பையில் மோர் கடைபவள், தலையில் சுள்ளிக்கட்டுடன் நடப்பவள் என்று பெண்கள் வரும்போது, பெரும்பாலும் ‘பெதூயின் பெண்’, அதாவது பாலைநில அரபு நாடோடிக் குலத்துப் பெண், என்ற அளவில் வரி நின்றுவிடுகிறது. ‘உடைகள், மாந்தர் முதலியன’ என்னும் பொருள்படும் ஒரு தலைப்பின்கீழ் இவர்களில் பலர் வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறார்கள். அந்த ‘முதலியன’ என்னும் சொல்லைப் பார்த்தபோது எனக்குச் சற்றுக் கோபம் வந்ததை மறைக்கவில்லை.

இந்த வரிகளை உங்கள் நூலகத்தார் இயற்றவில்லை என்பதை அறிவேன். பதிவுகளிலேயே அதைச் சொல்லியிருக்கிறீர்கள்: படமெடுத்தவர்களின் பதிவேட்டிலிருந்தும் 1930களில் அவர்கள் அச்சிட்ட பட்டியலிலிருந்தும் தலைப்புகள் அப்படியே எடுக்கப்பட்டவை. இதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியல், பயணிகளுக்கும் தேவாலயங்களில் விளக்கொளிப் படம் காட்டிச் சொற்பொழிவாற்றியவர்களுக்கும் அச்சுப்படங்களையும் கண்ணாடி வில்லைகளையும் விற்பதற்காக உருவானது. வாங்குபவருக்கு வேண்டியது விவிலிய காலத்தின் சாயல். ரூத்தின் கதையை நடிக்கவைத்து ஒரு தொடரே எடுத்திருக்கிறார்கள். இரண்டு பெண்கள் ஏந்திரம் அரைக்கும் காட்சிக்கு மத்தேயு நற்செய்தியின் வரி ஒன்று காத்திருந்தது. அரைத்த பெண்கள் யாரென்று கேட்டால் அந்த விற்பனைக்கு இடையூறுதான். ஒரு கடையின் விலைப்பட்டியலுக்காக எழுதிய சொற்கள், கடை மூடிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்பும், உலகின் மிகப்பெரிய நூலகங்களில் ஒன்றில் அறிவுப்பதிவாக நிலைத்துவிட்டன. பழைய தலைப்பை அழிக்கச் சொல்லவில்லை. அதுவும் சான்றுதான். அதை ‘விற்பனைப் பட்டியலில் இருந்த தலைப்பு’ என்று பெயரிட்டுத் தனிப்புலத்தில் வைத்துவிட்டு, படத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை வேறொரு புலத்தில் எழுதுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

என்ன இருக்கிறது என்று எழுதுவது எளிதன்று. பணியிலிருந்த காலத்தில், வயலில் குனிந்து நிற்கும் பெண்களின் படமொன்றுக்கு ‘நாற்று நடும் பெண்கள்’ என்று நான் குறிப்பெழுதினேன். கண்காட்சிக்கு வந்த ஓர் அம்மாள் அதைப் படித்துவிட்டு, “நடவு இல்லம்மா இது, களை எடுக்கிறாங்க, கையைப் பாருங்க” என்றார். பார்த்தேன். நாற்றுமுடி யார் கையிலும் இல்லை. பயிரும் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பல மாதங்கள் அப்படத்தை என் மேசையில் வைத்திருந்தும் எனக்கு அது தெரியவில்லை. அவருக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. அன்றிலிருந்து, ஒரு வேலையைக் காட்டும் படத்தை அந்த வேலையைச் செய்தவர் பார்க்கும்வரை அதன் குறிப்பு முடிவடைந்ததாக நான் கருதுவதில்லை.

இந்தப் படங்களில் வாசிக்கக் கிடப்பவை ஏராளம். உடையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய இஸ்ரேலின் தெற்கிலுள்ள நகப் (நெகேவ்) பாலையிலும் எகிப்தின் சினாயிலும் வாழ்ந்த பெதூயின் பெண்களிடம், மணமாகாதவளும் கைம்பெண்ணும் நீல நூலாலும், கணவனுடன் வாழ்பவள் சிவப்பு நூலாலும் தம் அங்கியில் பூவேலை செய்வது பொதுவான வழக்கு. கருமையான துணியில் குறுக்குத் தையலாக ஓடும் அந்த நிறமே அவளுடைய வாழ்நிலையைச் சொல்லிவிடும். ஆனால் அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளில் பூசப்பட்ட பசை நீல ஒளியை நன்றாக உணரும். சிவப்பை ஏறத்தாழ உணரவே உணராது. அத்தகைய தகட்டில் நீலம் வெளிறித் தெரியும், சிவப்போ கறுத்துத் துணியோடு கலந்துவிடும். ஆகவே ‘பூவேலை இல்லாத கறுப்பு அங்கி’ என்று நாம் எளிதாக எழுதிவிடக்கூடிய படத்தில், நெஞ்சு முழுதும் சிவப்பு நிறைந்த ஒரு மணமான பெண் நின்றிருக்கக்கூடும். தகட்டின் வகை, எடுத்த ஆண்டு, வெளிச்சம் ஆகியவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் ஒளிப்பட வல்லுநரும், அந்தத் தையலை அறிந்த ஒரு மூதாட்டியும் ஒரே மேசையில் அமர்ந்தால் இதில் பாதியையாவது மீட்டுவிடலாம். இருவரும் உலகில் இருக்கிறார்கள். ஒரே மேசையில்தான் இல்லை.

முகத்தில் குத்திய பச்சைக்கும் இதே கதிதான். கீழுதட்டிலும் மோவாயிலும் நெற்றியிலும் பெண்கள் குத்திக்கொண்ட நீலப்பச்சைக் கோடுகள், மாநிறத் தோலை உள்ளதைவிடக் கறுப்பாகவும் நீலத்தை உள்ளதைவிட வெளுப்பாகவும் காட்டும் அந்தத் தகடுகளில் மங்கிப்போயின, சில வேளை முற்றிலும் மறைந்துபோயின. அவள் விரும்பி அணிந்த அணியொன்றை விட்டுவிட்டு, அவளுக்கில்லாத கருமையை அவள் தோலில் ஏற்றிய படத்தை நாம் நேர்ச்சான்று என்று சொல்லிக்கொள்கிறோம். இதன்மேல் அமெரிக்கன் காலனியில் கையால் வண்ணம் தீட்டிய வில்லைகள் வேறு இருக்கின்றன. அவற்றிலுள்ள சிவப்பும் நீலமும் தூரிகையில் இருந்த சாயத்தின் நிறம். அது அங்கியின் நிறமும்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டும். தீட்டியவரின் கை ஒரு கைம்பெண்ணுக்கு மறுமணம் செய்துவைத்திருந்தாலும் வியப்பதற்கில்லை. அத்தகைய வில்லைகளின் பதிவில் ‘நிறம் பின்னர் தீட்டப்பட்டது, உடையின் நிறத்துக்குச் சான்றாகாது’ என்ற ஒரு வரி இருந்தால் எத்தனை ஆய்வாளர்கள் தவறான வழியில் போகாமல் தப்புவார்கள்!

முகத்திரையில் தைத்த நாணயங்களும் அவ்வாறே. நகப், சினாய்ப் பெண்களின் முகத்திரைகளில் வரிசையாகத் தொங்கும் காசுகளை அலங்காரம் என்று எழுதிக் கடந்துவிடுகிறோம். அவை அவளுடைய சொத்து. நம் ஊரில் கழுத்துக் காசுமாலையைப் போல, துன்பக் காலத்தில் கழற்றி விற்கக்கூடிய கைப்பொருள். பெரிய கண்ணாடித் தகட்டின் நுணுக்கம் இன்றைய எண்மக் கருவிகளுக்கும் சவால் விடக்கூடியது. நன்றாக ஸ்கேன் செய்தால் சில காசுகளின் முத்திரையைப் படித்து, உதுமானியக் காசு எது, அந்நிலங்களில் பரவலாகப் புழங்கிய மரியா தெரேசா வெள்ளி எது என்று பிரிக்கலாம். (பின்னவை எப்போது அச்சடிக்கப்பட்டாலும் 1780 என்ற ஆண்டையே தாங்கியிருக்கும் என்பதால், அவற்றைக் கொண்டு படத்தின் காலத்தைக் கணிக்க முயல்பவர் ஏமாறுவார்.)

உடையைவிடவும் என்னை நெடுநேரம் நிறுத்தியது கூடாரம். உங்கள் பொருள் தலைப்புகளில் கூடாரம் ‘உறைவிடம்’ என்ற வகையில் வருகிறது. பெரும்பாலும் அதன் முன் நிற்கும் ஷேக்கின் பெயரும் உடன் வருகிறது. அரபியில் ‘மயிர் வீடு’ என்றே பொருள்படும் அந்தக் கறுப்புக் கூடாரத்தின் ஒவ்வொரு முழமும் ஒரு பெண் நெய்தது. வெள்ளாட்டு மயிரை முறுக்கி நூற்று, நான்கு முளைகளைத் தரையில் அறைந்து பாவோட்டி, ஊடை நூலை மான்கொம்பால் நெருக்கித் தட்டி, நீண்ட பட்டைகளாக நெய்து, அவற்றைப் பக்கவாட்டில் இணைத்துத் தைக்கிறாள். அடர்த்தியாக நெய்த அந்த மயிர் மழையில் உப்பி நீரைத் தடுக்கும். வெயிலில் காய்ந்து இடைவெளிவிட்டுக் காற்றை உள்ளே அனுமதிக்கும். கூரை நைந்தால் புதிதாக நெய்த பட்டையை உச்சியில் சேர்த்துப் பழையவற்றை ஓரத்துக்குத் தள்ளுவார்கள். ஆகவே ஒரே கூரையில் பல ஆண்டுகளின் நெசவு அருகருகே இருக்கும். படத்தில் உச்சிப் பட்டை கறுகறுவென்றும் ஓரம் சாம்பல் பூத்தும் தெரிந்தால், அது பல ஆண்டு உழைப்பின் கணக்கேடு. இடம்பெயரும்போது அதைப் பிரித்துச் சுருட்டி ஒட்டகத்தில் ஏற்றுபவர்களும், சென்ற இடத்தில் மீண்டும் எழுப்புபவர்களும் பெண்களே. உள்ளே ஆண்கள் பகுதியையும் பெண்கள் பகுதியையும் பிரிக்கும் தட்டியில்தான் நெசவாளியின் கைத்திறன் முழுவதும் வெளிப்படும். விருந்தினராக வந்த ஒளிப்படக்காரர் காபி அருந்தியபடி அமர்ந்திருந்தது அந்தத் தட்டியின் இப்பக்கம்; அவர் எடுத்த ஆண்கள் குழுப்படம் பலவற்றின் பின்னணியில் அது விரிந்திருக்கிறது. பெதூயின் பெண்களின் இம்மரபு நெசவுக்குச் சது என்று பெயர்; அமீரகத்தின் சது நெசவை யுனெஸ்கோ 2011இல் உடனடியாகப் பாதுகாக்க வேண்டிய மரபாகப் பதிந்தது. சவூதி அரேபியாவும் குவைத்தும் முன்வைத்த சது நெசவு 2020இல் பதிவாயிற்று. ஆண்கள் மட்டுமே இருக்கும் இத்தகைய படங்களிலும் ‘பெண்களின் நெசவு’ என்னும் பொருள் தலைப்பைச் சேருங்கள். அப்போது நெசவைப் பற்றித் தேடும் ஒருத்தியின் கையில், அவள் இதுவரை கண்டிராத நூற்றுக்கணக்கான தட்டிகள் வந்து விழும்.

நியூகாஸில் பல்கலைக்கழகத்தாருக்குத் தனியாகச் சில சொற்கள். அரபு நாடுகளில் பயணம் செய்த பிரிட்டிஷ் தொல்லியலாளர் கெர்ட்ரூட் பெல்லின் சுமார் 7,000 ஒளிப்படங்களோடு அவருடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் உங்களிடம் சேர்ந்தே இருப்பது பெரும்பேறு. 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் அத்தொகுப்பு இடம்பெற்றதற்கு இந்தச் சேர்க்கையும் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1913 டிசம்பரில் டமாஸ்கஸிலிருந்து புறப்பட்ட பெல், மறு ஆண்டு பிப்ரவரி இறுதியில், வட அரேபியாவில் ரஷீது குலத்து அமீர்கள் ஆண்ட ஹாயில் நகரை அடைந்தார். அமீர் படையெடுப்புக்குச் சென்றிருந்தார். ஊருக்குள் உலவவும் அனுமதியின்றி, அங்கிருந்து புறப்படவும் வழியின்றி, பத்து நாளுக்கு மேல் ஏறத்தாழக் காவலில் இருப்பதுபோல் அவர் தங்க நேர்ந்தது. அந்நாட்களில் அவருக்குப் பேச்சுத்துணையாக இருந்தவள் துர்க்கிய்யா என்னும் சர்க்காசிய (காக்கசஸ் பகுதி) இனப் பெண். உதுமானிய சுல்தான் முன்னாள் ஆட்சியாளர் முகம்மது இப்னு ரஷீதுக்கு அனுப்பிவைத்தவள். அவளுடைய முகம் பெல்லின் படத்தில் இருக்கிறது. அவளுடைய பெயரும் பின்னணியும் நாட்குறிப்பில் இருப்பதால்தான் அந்தப் படம் ‘ஹாயில் அரண்மனைப் பெண்’ ஆகாமல் தப்பியது. அமீரின் பாட்டியான பாத்திமாவின் கையில்தான் கருவூலமும் அதிகாரமும் இருந்தன என்பதும் அந்த எழுத்துகளிலிருந்தே தெரிகிறது. ஆண்களின் பெயர்ப்பட்டியலை மட்டும் வைத்து ஹாயிலின் அரசியலை எழுதுபவருக்கு அது தெரியாமலே போயிருக்கும்.

பெல் பெண் என்பதால் மற்றப் பெண்களிடம் இயல்பாகவே அக்கறையுடன் இருந்திருப்பார் என்று நான் வாதிடவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று இங்கிலாந்தில் இயங்கிய சங்கத்தில் பொறுப்பு வகித்தவர் அவர். ஆனால் எழுதிவைத்தார், அது போதும். ஹாயிலுக்குப் போகும் வழியில் 1914 ஜனவரியில் அவர் தங்கிய ஹுவைத்தாத் கூடாரங்களில் எடுத்த பெண்களின் படங்களுக்கும், அதே நாட்களின் நாட்குறிப்புப் பக்கங்களுக்கும் இடையே, படத்திலிருந்து நேரே பக்கத்துக்குப் போகும்படி ஒவ்வொரு பதிவிலும் இணைப்பு ஏற்படுத்துங்கள். எந்தப் பெயர் எந்த முகத்துக்கு உரியது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், ஊகிக்காமல் பக்கத்தை மட்டும் காட்டுங்கள். வாசிப்பவர் தேடிக்கொள்வார்.

பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்திலுள்ள பிரிட்டிஷ் பயணி வில்ஃபிரட் தெசிகரின் சுமார் 38,000 நெகட்டிவுகளில், 1945க்கும் 1950க்கும் இடையே அவரோடு தென் அரேபியாவின் வெறும்பாலையில் (ரூபுல் காலி) நடந்த சாலிம் பின் கபீனாவும் சாலிம் பின் கபைஷாவும் உலகறிந்த முகங்களாகிவிட்டனர். ஆண்களோடு பயணம் செய்தவரின் கேமராவில் ஆண்கள் நிறைந்திருப்பதில் வியப்பில்லை. பிரிட்டிஷ் பெண் பயணி ஃப்ரேயா ஸ்டார்க் 1930களில் தென் அரேபியாவின் ஹள்ரமவுத்தில் எடுத்தவை வேறு வகை. வயலில் வேலை செய்யும்போது அந்நிலத்துப் பெண்கள் அணியும் கூம்பு வடிவ ஓலைத்தொப்பியையும், வெளியாண்கள் நுழைய முடியாத வீட்டு உட்பகுதிகளையும் அணுகும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. ஆனால் அதனாலேயே ஒரு சிக்கல் எழுகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் அஞ்சலட்டைகளைப் பற்றி ஒரு சொல். லேனெர்ட் – லாண்ட்ராக் நிறுவனம் 1904 முதல் தூனிஸிலும் பின்னர் கெய்ரோவிலும் விற்ற படங்களும், அல்ஜீரியாவின் பிஸ்க்ரா, பூ சாதா ஊர்களின் ‘உலெத் நாயில்’ குலத்து நடனப் பெண்களைக் காட்டும் எண்ணற்ற அட்டைகளும் உங்களில் சிலரிடம் உள்ளன. அரைகுறை ஆடையில், திரைச்சீலைக்கு முன், ஒளிப்படக்காரர் சொன்னபடி அமரவைத்து எடுத்த படங்கள் இவற்றில் மிகப்பல. இவற்றையும் கூடாரத்தில் மோர் கடையும் பெண்ணையும் ‘பாலைவனப் பெண்கள்’ என்ற ஒரே தலைப்பில் போட்டுவைத்திருப்பதை நிறுத்த வேண்டும். அஞ்சலட்டை அல்ஜீரியப் பெண்ணின் வாழ்க்கைக்குச் சான்று ஆவதைவிட, அதை வாங்கித் தபால்தலை ஒட்டி அனுப்பிய ஐரோப்பியனின் வாழ்க்கைக்கே மிகுதியும் சான்று. அந்த வகையில்தான் அது பட்டியலில் வர வேண்டும். நகைகள், காசுமாலைகள், தலையணிகள் ஆகியவை உண்மையாக இருக்கலாம். அவற்றை ஆராய்பவர் ஆராயட்டும். தேடுபொறியில் பாலைநிலப் பெண்களைத் தேடும் ஒரு பள்ளிச் சிறுமிக்கு முதலில் வந்து நிற்பது அந்த அட்டையாக இருக்கக்கூடாது.

இனி அந்தச் சிக்கல். பெயர், பெயர் என்று இவ்வளவு சொன்ன நானே சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. தமிழ் அகத்திணை மரபில் தலைவியின் பெயரைச் சொல்லக்கூடாது. பாலைத்திணைப் பாடலில் சுரம் கடந்து போனவனை நினைத்து வருந்துபவள் யாரென்று கவிஞர் கூறமாட்டார். கூறினால் அது அகம் ஆகாது. பெயரின்மை அங்கே அவளுக்குத் தரப்பட்ட மதிப்பு, ஒரு காவல். பெதூயின் சமூகத்திலும் வீட்டுப் பெண்ணின் பெயரை வெளியாளிடம் உரைப்பது தகாது என்னும் வழக்கம் பரவலாக இருந்தது. அவள் ‘இன்னாருடைய தாய்’, ‘இன்னாருடைய மகள்’ என்றே சுட்டப்படுவாள். ஆகவே ஒளிப்படக்காரர் கேட்காததால் மட்டும் பெயர் விடுபடவில்லை. கேட்டிருந்தாலும் சில இடங்களில் சொல்லியிருக்கமாட்டார்கள். அப்படியிருக்க, இன்று நாம் தேடிக் கண்டுபிடித்த பெயரை உலகம் முழுவதும் பார்க்க ஏற்றிவிடுவது அவளுக்குச் செய்யும் நன்மைதானா? பெண் ஒருத்தி இன்னொரு பெண்ணை நம்பி, வீட்டின் உட்பகுதியில், திரையில்லாமல் எடுக்கவிட்ட படத்தை, அவளுடைய பேரன்மார் அலுவலகக் கணினியில் பார்க்கும்படி திறந்துவைத்திருப்பது சரியா?

இந்த வினாவுக்குச் சென்னையில் அமர்ந்து நானோ, ஆக்ஸ்ஃபோர்டில் அமர்ந்து நீங்களோ விடை சொல்ல முடியாது. அவர்களுடைய வழிவந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். அல்ஜீரியாவில் நடந்த ஒன்றை இங்கே நினைவூட்டுகிறேன். அது பாலை அன்று, மலைப்பகுதி, என்றாலும் பொருந்தும். 1960இல் பிரெஞ்சுப் படையில் கட்டாயப் பணியிலிருந்த மார்க் கராஞ்சே, மேலதிகாரியின் ஆணைப்படி, அடையாள அட்டைக்காகச் சுமார் 2,000 பேரைப் பத்து நாட்களில் படமெடுத்தார். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். முக்காட்டை நீக்கச்செய்து எடுத்த அப்படங்களில் அவர்கள் பார்க்கும் பார்வையைச் சந்திப்பது எளிதன்று. கராஞ்சே 2004இல் மீண்டும் அல்ஜீரியா சென்று, அப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்த பெண்களைத் தேடிச் சந்தித்தார். தனியொரு மனிதர் தம் முதுமையில் செய்த பயணம் அது. நிறுவனங்களுக்கு அதைவிட வசதிகள் மிகுதி.

நிறுவனம் செய்ததற்கும் சான்று உண்டு. கனடாவின் தேசிய நூலக ஆவணக் காப்பகம், தன்னிடமிருந்த, ஆர்க்டிக் பழங்குடியினரான இனுயிட் மக்களின் பழைய படங்களை 2002 முதல் வட கனடாவின் நுனாவுட் பகுதி இளைஞர்களிடம் தந்து, அவர்கள் மூலம் ஊர் மூத்தோரிடம் காட்டிப் பெயர்களைக் கேட்டுவருகிறது. ‘இனுயிட் பெண்’ என்றிருந்த பல பதிவுகளில் இன்று பெயரும் உறவும் இடமும் இருக்கின்றன. பனி மூடிய அந்நிலத்தின் பெரும்பகுதியும் மழையளவின்படி பாலைதான் என்பதால், என் மடலின் பொருளிலிருந்து நான் அதிகம் விலகிவிடவில்லை.

அரபுப் பாலையில் இது கடினம் என்பீர்கள், கடினம்தான். நகப் பாலையின் பெதூயின் மக்களில் பெரும்பாலோர் 1948 போரிலும் அதன் பின்னும் காசா, சினாய், ஜோர்டான் என்று சிதறடிக்கப்பட்டனர். எஞ்சிய சுமார் 11,000 பேரில் பெரும்பாலோர் ‘சியாக்’ எனப்பட்ட வேலியிட்ட பகுதிக்குள் நெருக்கப்பட்டு 1966 வரை இராணுவ ஆட்சியின் கீழ் இருந்தனர். அதன்பின் வந்தவை ரஹத் போன்ற கட்டட நகரங்கள். கூடாரம் நெய்யத் தெரிந்த தலைமுறை முதுமையின் கடைசிப் படியில் இருக்கிறது. பிரிந்த குடும்பங்களுக்கு நடுவே எல்லைகளும், இப்போது காசாவில் போரின் இடிபாடுகளும் கிடக்கின்றன. வீட்டோடு குடும்பப் படங்களையும் இழந்த ஒருவருக்கு, அவருடைய கொள்ளுப்பாட்டியின் முகம் வாஷிங்டனில் ஒரு கண்ணாடித் தகட்டில் இருக்கக்கூடும். ஆகவே கடினம் என்பது தள்ளிப்போடுவதற்குக் காரணம் ஆகாது, விரைவதற்கே காரணம். நகப் பகுதியின் லாகியாவில் பெண்கள் 1990களிலிருந்து நடத்திவரும் நெசவுக் கூட்டுறவைப் போன்ற இடங்களில் தொடங்கலாம். பெரிய அளவில் அச்சிட்ட படங்களைத் தாளாகவே அனுப்புங்கள். திரையில் அல்ல, விரலால் தொட்டுக் காட்டிப் பேசும்படி. பேசுபவர்களுக்கு அந்நேரத்துக்கான ஊதியத்தையும் கொடுங்கள். வல்லுநருக்குக் கொடுப்பீர்கள் அல்லவா?

அவர்கள் சொல்பவற்றை மூன்று நிலைகளில் பதியலாம் என்பது என் எண்ணம். எல்லோரும் காணக்கூடியவை: வேலையின் பெயர், கருவியின் பெயர், தையலின் பெயர், எந்தக் குலத்தின் வழக்கு என்பது, இவற்றை அரபியில், அவர்கள் வட்டாரத்தில் சொல்லும் சொல்லிலேயே எழுதி, பிறகு ஆங்கிலத்தில் விளக்குங்கள். குடும்பத்தார் மட்டும் காணக்கூடியவை: பெயர், உறவுமுறை, நினைவு. மூன்றாவது, குடும்பத்தார் வேண்டாம் என்றால் பொதுப்பார்வையிலிருந்தே எடுத்துவிட வேண்டிய படங்கள். பதிப்புரிமை காலாவதியானது என்பதால் இப்படங்களில் பல பொதுச் சொத்து என்பதை அறிவேன். சட்டம் படமெடுத்தவரின் உரிமையைத்தான் எண்ணிப்பார்த்தது. படத்தில் இருப்பவளை அது எண்ணவில்லை. இந்த மூன்றாம் நிலையை ஏற்க உங்களில் சிலர் தயங்குவீர்கள். திறந்த அணுக்கத்துக்காக வாழ்நாள் முழுவதும் பேசிய எனக்கும் இது கசப்பாகத்தான் இருக்கிறது.

பணமும் ஆளும் குறைவு என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பட்டியலாக்கப் பிரிவுக்கு எந்த ஊரில்தான் போதிய ஆள் கொடுத்தார்கள்? எனவே எல்லாத் தகடுகளையும் இந்த ஆண்டே செய்யுங்கள் என்று கேட்கவில்லை. மேட்சன் தொகுப்பில் பெதூயின் திருமணம் ஒன்றைக் காட்டும் படத்தொடர் இருக்கிறது. அதில் மணமகள் இருக்கிறாள், அவளை அழைத்துவரும் பெண்கள் இருக்கிறார்கள், விருந்து இருக்கிறது. திருமணத்தை எந்தக் குடும்பமும் எளிதில் மறப்பதில்லை. யார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லக்கூடியவர் எவரேனும் இன்னும் இருக்கக்கூடும். அந்தத் தொடரிலிருந்து தொடங்குங்கள். அதன் தகடுகளை ஓரம் வெட்டாமல், கீறல்களோடும் விளிம்பில் கையால் எழுதிய எண்களோடும் முழுமையாக மறுபடி ஸ்கேன் செய்து, அச்சிட்டு அனுப்பிவையுங்கள். அது போய்ச் சேர்ந்த செய்தியையும், அங்குள்ள பெண்கள் அதைப் பார்த்து என்ன திருத்தினார்கள் என்பதையும் அந்தப் பதிவிலேயே தேதியிட்டு எழுதுங்கள். நான் அவ்வப்போது வந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நூலகப் பட்டியலாளர் ஒருத்தி,
சென்னை.